மரபணு வம்சாவளியை வெச்சுப் பழைய கொலைக் கேசுகளைத் துலக்கறது: நம்ம கொங்குப் பக்கம் எடுபடுமா?

பவானிக்கரை

2018 ஏப்ரல்ல கலிபோர்னியாவுல ஜோசப் ஜேம்ஸ் டிஆஞ்சலோன்னு 72 வயசு ஆளைப் புடிச்சாங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? 1970கள்லயும் 80கள்லயும் 13 கொலை, 50க்கு மேல பாலியல் வன்கொடுமை. தடயம் கைல இருந்தும் ஆள் யாருன்னு தெரியாமயே அத்தனை வருசம் ஓடிப்போச்சு. கடைசில 1980ல நடந்த ஒரு கொலையில எடுத்து வெச்சிருந்த தடயத்தை, பூர்வீகம் தேடற சனங்க தங்க மரபணு விவரத்தைத் தாங்களே ஏத்தி வெக்கிற ஜெட்மேட்ச் மாதிரி தளத்துல போட்டுப் பாத்தாங்க. தூரத்து ஒறம்பரை சிலர் மாட்டுனாங்க. எல்லாரும் 1800கள்ல வாழ்ந்த ஒரு தம்பதியோட வாரிசுக. அங்கிருந்து படிப்படியாக் கீழ இறங்கி, வயசு, குடியிருந்த ஊருன்னு வடிகட்டி, ஒரே ஆள்கிட்ட வந்து நின்னாங்க. அப்பறம் அவன் கார் கதவுப் பிடியில இருந்தும், குப்பைல போட்ட டிஷ்யூ பேப்பர்ல இருந்தும் மாதிரி எடுத்து ஒப்பிட்டா அச்சு அசலாப் பொருந்துது. 2020ல குத்தத்தை ஒத்துக்கிட்டான், ஆயுள் தண்டனை.

என்ர கேள்வி இதுதான். அமெரிக்காவுல அவனவனுக்குத் தாத்தன் பேரே தெரியாது, அங்கயே இது நடந்திருக்கு. நம்மூர்ல கூட்டம்னு சொல்ற அப்பன்வழி வம்சப் பிரிவு, காணின்னு சொல்ற பூர்வீக ஊரு, குலதெய்வம்னு எல்லாத்தையும் கையில வெச்சிருக்கோம். கோயில்ல ஒரு பெரியவரைப் புடிச்சு உக்கார வெச்சா ஏழு தலைமுறையை மூச்சு விடாம ஒப்பிப்பாரு. அங்கத்த விட நம்மூர்லதானுங்க இது சுலபம்?

மயிலைக்காளை

ஏழு தலைமுறை ஒப்பிப்பாரு சரி, அதுல ரெண்டு தலைமுறைக்கு முன்ன காட்டுத் தகராறுல பேச்சு நின்னுபோன பங்காளி பேரை மட்டும் மறந்துருவாரு.

சிறுவாணித்தண்ணி

கோயமுத்தூர்ல கல்லூரில உயிரியல் நடத்தறவன். பவானிக்கரை சொன்னதுக்கு நேர் எதிரானதுதான் நிலவரம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல, போலீஸ் ஆய்வகம் வழக்கமாப் பண்ற டி.என்.ஏ. சோதனை வேற, இது வேற. ஆய்வகத்துல பாக்கறது எஸ்.டி.ஆர்., அதாவது மரபணுல ஒரு சின்னத் தொடர் திரும்பத் திரும்ப வர்ற இடங்க; அமெரிக்கத் தரவுத்தளத்துல 20 இடங்களைப் பாக்கறாங்க. இந்தத் தடயம் இந்த ஆளோடதுதானா இல்லையான்னு சொல்ல அது போதும். அப்பன், மகன், அண்ணன், தம்பி வரைக்கும்கூட ஓரளவு சொல்லலாம். நாலாம் தலைமுறைச் சொந்தத்தை அதை வெச்சுத் தொடவே முடியாது. வம்சாவளித் தளங்கள்ல இருக்கறது எஸ்.என்.பி., அதாவது மரபணுல ஒத்தை எழுத்து ஆளுக்கு ஆள் மாறற இடங்க; ஆறேழு லட்சம் இடங்களைப் பாக்கற சோதனை. ரெண்டு பேருக்கும் பொதுவான துண்டுகள் எத்தனை, ஒவ்வொண்ணும் எவ்வளவு நீளம்னு சென்டிமார்கன்ங்கற மரபணு நீள அளவுல வரும். பெத்தவங்களுக்கும் பிள்ளைக்கும் 3,400 வாக்குல இருக்கும். தாத்தா பாட்டி பொதுவா இருந்தா சராசரி 870 பக்கம், அதுக்கும் மேல ஒரு தலைமுறை போனா 230, இன்னொரு தலைமுறை போனா 75 பக்கம்.

இந்தக் கணக்கெல்லாம் சொந்தத்துக்குள்ள கட்டாத சனங்களுக்குப் போட்டது. நம்மூர்ல மாமன் மகளும் அத்தை மகளும் உரிமைப் பொண்ணுங்க. சில சாதிகள்ல அக்கா மகளையும் கட்டறாங்க. அப்பனைப் பெத்தவருதான் அங்க அம்மாவோட அப்புச்சி, அதாவது அம்மாவழித் தாத்தன்! மாமன் மகளைக் கட்டுன வீட்டுல பிறந்த பிள்ளைக்கு எட்டுப் பேரா இருக்க வேண்டிய பாட்டன் பாட்டி தலைமுறையில ஆறு பேருதான் இருப்பாங்க. அது ஒரே ஒரு கல்யாணத்துல நடக்கறது. இதுவே பத்திருபது தலைமுறை ஒரே சாதிக்குள்ள, கொங்குல நாடுன்னு சொல்ற சுத்துப்பட்டுப் பகுதிகளுக்குள்ளயே நடந்திருக்கு. அதனால உங்களுக்கும் எனக்கும் நூறு சென்டிமார்கன் பொதுவா வந்தா, அது ஒரு பாட்டன்கிட்ட இருந்து வந்ததா, இல்ல பதினஞ்சு வேற வேற முன்னோருங்ககிட்ட இருந்து துண்டு துண்டாச் சேந்ததான்னு பிரிக்கறது பாவும் ஊடும் பிரிச்சு ஜமுக்காளத்தைத் திரும்ப நூலாக்கற வேலை.

அமெரிக்கத் துப்பறிவாளருக்குச் சொந்தம் கிடைக்கறதுதான் கஷ்டம். நமக்கு எல்லாருமே சொந்தமா வந்து நிப்பாங்க.

தப்பிக்க ஒரு வழி உண்டு. மொத்தத்தைப் பாக்காம மிக நீளமான துண்டைப் பாக்கணும். பழைய சொந்தம் பொடித் துண்டுகளாக் கிடக்கும், நெருங்குன சொந்தம் நீளத் துண்டா நிக்கும். யூதர்கள்ல அஷ்கனாசி பிரிவுக்கும் இதே சிக்கல். அங்க பழகுன ஆளுங்க இப்படித்தான் வடிகட்டறாங்க. ஆனா தூரம் போகப் போக அந்த வடிகட்டியும் கைவிட்டுரும்.

பவானிக்கரை

சரிங்க. ஒய் குரோமோசோம் அப்பன்கிட்ட இருந்து மகனுக்குத்தானே போகுது? கூட்டமும் அப்படித்தானே போகுது? அப்ப ஒய் பாத்தா கூட்டம் தெரிஞ்சிருமே. வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பேரு எப்படியோ, அப்படி நமக்குக் கூட்டம். ஆள் எந்தக் கூட்டம்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுதே.

சிறுவாணித்தண்ணி

பாதி வேலை முடியாது, பாதி ஊரு சந்தேகத்துல நிக்கும். ஒரு கூட்டத்துல எத்தனை ஆயிரம் குடும்பம்? அண்ணன், தம்பி, சித்தப்பன், பெரியப்பன் மகன் எல்லாருக்கும் ஒரே ஒய்தான். அந்தக் கூட்டத்துக்காரங்க எல்லாரும் ஒரே ஆணோட வாரிசுதான்னும் சொல்ல முடியாது. பிள்ளையில்லாம தத்தெடுத்தது எத்தனை வீடு! பங்காளி மகனைத் தத்தெடுத்தா ஒய் மாறாது, மகள் வயித்துப் பேரனை எடுத்தா மாறிரும்.

ஒய்யை மட்டும் நம்பினா என்ன ஆகும்னு அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துல பாத்தாச்சு. 1996ல ஒரு பொண்ணு கொலை. 2014ல ஒய் விவரத்தை ஒரு வம்சாவளித் தரவுத்தளத்துல போட்டாங்க, கிட்டத்தட்டப் பொருந்துது. யாரோடதுன்னு பாத்தா, ஒரு பெரியவர் பல வருசத்துக்கு முன்ன ஆராய்ச்சிக்குன்னு நல்ல மனசோட குடுத்த மாதிரி. அவரோட மகன் நியூ ஆர்லியன்ஸ்ல படம் எடுக்கறவரு. அவரைத் தேடிப் போயி எச்சில் மாதிரி எடுத்தாங்க, பல வாரம் கழிச்சு அவரு இல்லைன்னு தெரிஞ்சுது. முழு எஸ்.என்.பி. வம்சாவளி போட்டு உண்மையான ஆளைப் புடிச்சது 2019ல. அதே கேசுல போலீசு மிரட்டி வாங்குன வாக்குமூலத்தால இன்னொருத்தர் 20 வருசம் செயில்ல இருந்தாரு. 2019லதான் அவரு நிரபராதின்னு தீர்ப்பாச்சு. ஒரே கேசுல இந்த முறையோட நல்லதும் கெட்டதும் ரெண்டும் இருக்கு.

அமராவதி

பத்திர எழுத்தர் வீட்டுப் பொண்ணு. மரபணு எனக்குத் தெரியாது, குடும்ப மரம் போடற பக்கத்தைப் பத்திச் சொல்றேன்.

அங்க மரம் போடறது எப்படின்னா மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம், இரங்கல் செய்தி, கல்லறைன்னு தேடறாங்க. 72 வருசம் ஆன கணக்கெடுப்பைப் பேரோட வெளியிடறாங்க. 1950ம் வருசத்தது 2022ல வந்துது. நம்மூர்க் கணக்கெடுப்புல வீட்டு வாரியான பேரு வெளிய வராது. இனிஷியலை வெச்சு ஒரு தலைமுறைக்கு மேல ஏற முடியாது. போதாக்குறைக்குப் பேரனுக்கு அப்பாரு, அதாவது அப்பாவழித் தாத்தன் பேரு, அவன் பேரனுக்கு மறுபடியும் அதே பேரு.

ஆனா நம்மகிட்ட வேற சரக்கு இருக்கு, யாரும் இதை வம்சாவளி ஆவணமா நினைக்கறதில்ல. வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க, பாகப்பிரிவினைப் பத்திரத்துல அண்ணன் தம்பி அத்தனை பேரும் அப்பன் பேரோட இருப்பாங்க. தாசில்தார் குடுக்கற வாரிசுச் சான்று இருக்கு. குலதெய்வக் கோயில் கும்பாபிசேகத்துக்குப் போட்ட தலைக்கட்டு வரிப் பட்டியல் இருக்கு. எல்லாத்துக்கும் மேல மொய் நோட்டு! எந்த ஊரு, யாரு, என்ன முறைல செஞ்சாங்கன்னு மூணு தலைமுறைக்கு எழுதி வெச்சிருப்பாங்க எங்கம்மிச்சி வீட்டுல.

இதுல ஒரு பெரிய ஓட்டை பொம்பளைங்க. தலைக்கட்டுன்னா கல்யாணமான ஆம்பளை. கட்டிக் குடுத்த பொண்ணு இன்னொரு கூட்டத்துக் கணக்குல போய் ஒரு பேருகூட இல்லாம கரைஞ்சு போயிருவா. பழைய பத்திரத்துல அவ இருக்கவே மாட்டா. 1989 மார்ச்சுக்கப்பறம் தமிழ்நாட்டுல பொண்ணுக்கும் பூர்வீகச் சொத்துல பங்குன்னு சட்டம் வந்துது, 2005ல நாடு முழுக்க வந்துது. அதுக்கப்பறந்தான் அண்ணன் தம்பிக்குப் பங்கை விட்டுக்குடுக்கற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடறதுக்காகவாவது அவ பேரு ஏறுச்சு. பங்கு கேக்காம இருக்கறதுக்கான சாட்சியாத்தான் அவ வம்சத்துல இடம் புடிச்சிருக்கா, என்னத்தைச் சொல்ல. மரபணுல பாதி அவ வழி வர்றது. பெரியவர் ஒப்பிக்கற ஏழு தலைமுறையில அந்தப் பாதி கிடையாது.

மயிலைக்காளை

மொய் நோட்டைப் போலீசு கேட்டா வருமான வரிக்காரனும் பின்னாடியே வந்துருவானுங்கம்மிணி.

ஓய்வு ஏட்டு

நான் 30 வருசத்துக்கு மேல காவல்துறைல இருந்து ஓய்வானவன். நீங்கெல்லாம் மரபணு மாதிரி கைல இருக்கறதா நினைச்சுப் பேசறீங்க. அந்த மாதிரி எங்கே இருக்குதுங்க?

ரத்தம், விந்து பட்ட துணியை நிழல்ல காய வெச்சுக் காகிதக் கவர்ல போடணும். பிளாஸ்டிக் பையில ஈரத்தோட கட்டினா பூஞ்சணம் புடிச்சு எல்லாம் நாசமாயிரும். இது இப்பப் பயிற்சியில சொல்றாங்க. அந்தக் காலத்துல கையுறையே கிடையாது. பிணத்தைப் பாக்க ஊரே வந்து மிதிச்சுட்டுப் போகும். பொருளை ஃபார்ம் 95 போட்டுக் கோர்ட்டுக்கு அனுப்புவோம், அங்க ஒரு அறையில கட்டுக் கட்டாக் கிடக்கும். சித்திரை வெயில்ல தகரக் கொட்டாய் அறையில 25 வருசம் கிடந்த துணில என்ன மிஞ்சும்? கலிபோர்னியாவுல தடயம் குளிர்பெட்டில இருந்துது. அதுதான் அந்தக் கேசோட உசிர்நாடி.

இப்பப் புதுக் குற்ற நடைமுறைச் சட்டத்துல ஏழு வருசமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள குத்தத்துக்குத் தடய அறிவியல் ஆளுங்க இடத்துக்கு வந்தாகணும்னு இருக்கு. இனி வர்ற கேசுகளுக்கு நல்லது.

இன்னொண்ணு. நம்ம பக்கம் ஆள் தெரியாம மூடுன கொலைக் கேசு இருக்கு, இல்லைங்கல. ஆனா ஆள் யாருன்னு ஊருக்கே தெரிஞ்சும் சாட்சி பல்டி அடிச்சுத் தோத்துப்போன கேசுதான் என்னைய உறங்க விடாம பண்ணுனது. அதுக்கு எந்த மரபணுவும் மருந்தில்லை. 2015 கோகுல்ராஜ் கேசை எடுத்துக்குங்க. முக்கியச் சாட்சியே மாத்திச் சொன்னாங்க. திருச்செங்கோட்டுக் கோயில் கேமராப் பதிவு நின்னு பேசுச்சு, 2022ல ஆயுள் தண்டனை ஆச்சு.

அப்பறம், டிஆஞ்சலோ முன்னாள் போலீஸ்காரன். கடையில திருடி மாட்டி 1979ல வேலை போனவன். இதை யாரும் எழுதல, நானே எழுதிப்புடறேன்.

டெக்சாஸ் அத்தை

நான் பெருந்துறைப் பக்கம் பிறந்து இங்க 20 வருசத்துக்கு மேல ஆச்சு. பையன் ஆசைப்பட்டான்னு சோதனை பண்ணுனோம். சிறுவாணி சொல்றது நூத்துக்கு நூறு. கூட வேலை பாக்கற வெள்ளைக்காரிக்கு ஒறம்பரைப் பட்டியல் பக்கம் பக்கமாப் போகுது, எனக்குக் கொஞ்சந்தான். வந்த கொஞ்ச பேரையும் மூணாம் நாலாம் தலைமுறைச் சொந்தம்னு காட்டுது. தொடர்பு கொண்டு பேசுனா ஒருத்தர் தாராபுரம், ஒருத்தர் நாமக்கல், பொதுவான பாட்டன் பேரு ஒண்ணுகூட வரல. ஒரே சாதிங்கறதைத் தவிர ஒண்ணும் தேறல.

2018ல சயன்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துது. 12.8 லட்சம் பேர் விவரத்தை வெச்சுப் பாத்ததுல, ஐரோப்பிய வம்சத்துக்காரர்ல 60 சதவீதம் பேருக்கு மூணாம் தலைமுறைச் சொந்தமோ அதைவிட நெருக்கமோ கிடைக்கும்னு கணக்குப் போட்டாங்க. அந்த நபர் சோதனையே பண்ணியிருக்க வேண்டாம்! சொந்தக்காரன் துப்புன எச்சில் போதும். இந்தியர் எண்ணிக்கை ஏற ஏற நமக்கும் அந்த நிலை வரும். அதனால இங்க ஒரு அக்கா தங்கச்சி சோதனை பண்ணுனா, ஊர்ல இருக்கற அண்ணன் தம்பியைக் கேக்காமயே அவங்களையும் பாதி ஏத்துன மாதிரிதான்.

எல்லாத் தளமும் போலீசுக்குத் திறந்து விடறதில்லை. பெரிய கம்பெனிக கோர்ட்டு உத்தரவு இல்லாமத் தர்றதில்லைங்கறாங்க. ஜெட்மேட்ச் 2019 மே மாசம் விதியை மாத்துச்சு; சம்மதம்னு நாமே குறிச்சாத்தான் போலீஸ் தேடல்ல நம்ம விவரம் தெரியும். ஆனா கம்பெனியே கைமாறுனா? 23அண்ட்மீங்கற சோதனைக் கம்பெனி 2023ல 69 லட்சம் பேர் விவரம் திருடு போயி, 2025 மார்ச்சுல திவால் மனு குடுத்துச்சு.

நொய்யல்காரன்

எல்லாரும் கூட்டம், காணின்னே பேசறீங்க. கூட்டம் இல்லாத சனம் ஊர்ல இல்லையா? திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை பாக்கற பீகார், ஒடிசாப் பையனுக்கு எந்த மொய் நோட்டுல பேரு இருக்கு?

யாரு எந்தத் தரவுத்தளத்துல இருக்காங்கன்னு பாருங்க. வம்சாவளித் தளத்துல இருக்கறது அமெரிக்காவுல பிள்ளை இருக்கற வீடுக. 2022 குற்ற நடைமுறை அடையாளச் சட்டப்படி போலீஸ் எடுக்கற மாதிரியில இருக்கப்போறது கைதாகற சனம். அந்த விவரத்தை 75 வருசம் வெச்சுக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. கைதாகறது பெரும்பாலும் யாருன்னு ஏட்டய்யாவுக்குத் தெரியாததா? பொறப்பைப் பாத்தே குத்தவாளின்னு முத்திரை குத்துன குற்றப்பரம்பரைச் சட்டம் 1871ல வந்து 1952லதான் முழுசா ஒழிஞ்சுது. இப்ப ஆய்வக அறிக்கையில "இந்தத் தடயம் இன்ன சாதிக்காரனோடதா இருக்கலாம்"னு ஒரு வரி வந்தா, அது வாட்ஸ்அப்புல ஏற எத்தனை நிமிசம் ஆகும்? அன்னிக்கு ராத்திரி எந்தத் தெருவுல கல்லு விழும்?

மயிலைக்காளை

அப்ப கொலைகாரனை விட்டுரலாமா? செத்த பிள்ளையோட அம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?

நொய்யல்காரன்

விடுன்னு நான் எங்கங்க சொன்னேன்? கொலைகாரனைப் புடிங்க, அவன் சாதியையே புடிச்சு உள்ள வெக்காதீங்கங்கறேன். போன தடவை உங்காளுக பண்ணுன

நெறியாளர்

மேல உள்ள பதிவின் கடைசி வரிகளும் அதுக்கு வந்த ரெண்டு பதில்களும் நீக்கம். சாதிப் பேரை வெச்சு ஆளைத் திட்டறது இங்க ஆகாது. விசயத்துக்கு வாங்க.

ஈரோட்டு வக்கீல்

நொய்யல்காரன் பயம் வெறும் பயமில்லை. சட்டத்துல இதுக்கு ஒரு வேலி கிடையாது. டி.என்.ஏ. தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2019ல மக்களவைக்கு வந்துது, நிலைக்குழு 2021ல அறிக்கை குடுத்துது, 2023 ஜூலைல திரும்ப வாங்கிட்டாங்க. குற்றஞ்சாட்டப்பட்டவர்கிட்ட மாதிரி எடுக்க வழி இருக்கு. அவரோட அத்தை மகன்கிட்ட "உன்ர எச்சிலைக் குடு, மரம் போடணும்"னு கட்டாயப்படுத்த வழி இல்லை. தந்தைமைச் சோதனைலயே உச்ச நீதிமன்றம் 1993ல இருந்து, வழக்கமாவெல்லாம் உத்தரவு போடக் கூடாதுன்னுதான் சொல்லிட்டு வருது. 2017ல புட்டசாமி தீர்ப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமைன்னு சொல்லிருச்சு.

நடைமுறைல ஒரு சங்கடம் சொல்றேன். மரம் போடப் போனா கொலைகாரன் கிடைப்பானோ இல்லியோ, எந்த வீட்டுல யாருக்கு யாரு அப்பன்ங்கறது கிடைச்சுரும். அந்த வெவரம் ஒரு குடும்பத்துல என்ன பண்ணும்னு குடும்பநலக் கோர்ட்டு வராண்டாவுல நின்னவங்களுக்குத் தெரியும். கொலைக்குச் சம்பந்தமே இல்லாத வீடா இருக்கும் அது.

அமெரிக்க நீதித்துறை 2019லயே வரைமுறை போட்டுச்சு. கொலை, பாலியல் குத்தம் மாதிரி கொடுங்குத்தத்துக்கும் அடையாளம் தெரியாத பிணத்துக்கும்தான், அதுவும் வழக்கமான தரவுத்தளத்துல தேடி ஒண்ணும் கிடைக்காத பொறவுதான். வம்சாவளிப் பொருத்தத்தை மட்டும் வெச்சு யாரையும் கைது பண்ணக் கூடாது. நேரடி மாதிரி எடுத்து எஸ்.டி.ஆர். ஒப்பிடணும். இந்த மூணு விதி நம்மகிட்ட எழுத்துல வர்ற வரைக்கும், இந்த முறைல கிடைச்ச துப்பை வெச்சு ஒரு ஆளைக் கூண்டுல ஏத்துனா நான் எதிர்த்தரப்புல நிப்பேன்.

பவானிக்கரை

விதியோட செஞ்சா ஆகும்ங்கறதுக்கு ஸ்வீடன் இருக்குதுங்களே. லின்ஷோப்பிங்ல 2004 அக்டோபர்ல எட்டு வயசுப் பையனையும், அதைப் பாத்த 56 வயசுப் பொம்பளை ஒருத்தரையும் குத்திக் கொன்னுட்டு ஓடிட்டான். கத்தியும் தொப்பியும் கிடைச்சுது, மரபணுவும் இருந்துது. ஆயிரக்கணக்கான பேர்கிட்ட மாதிரி எடுத்தும் ஆள் கிடைக்கல. 2020ல ஒரு வம்சாவளி ஆய்வாளர் மரம் போட்டாரு. ரெண்டு சகோதரங்ககிட்ட வந்து நின்னுது, அதுல ஒருத்தன். இதை நம்மூரு செய்யவே கூடாதுன்னு சொல்றது எனக்கு ஒப்பலைங்க. கூட்டத்தை வெச்சுச் சுலபம்னு நான் சொன்னதை வேணும்னா சிறுவாணி சொன்னபடி தள்ளி வெச்சுக்குங்க.

ஈரோட்டு வக்கீல்

செய்யக் கூடாதுங்கல. எங்க ஆரம்பிக்கறதுங்கறதுதான் பேச்சு. அடையாளம் தெரியாத பிணத்துல ஆரம்பிக்கலாம். அமெரிக்காவுல 1981ல ஒஹாயோ சாலையோரம் கிடந்த ஒரு பொண்ணு, 37 வருசம் பேரில்லாம இருந்தவ, 2018ல இதே முறைல பேரு கிடைச்சுது. இதுல குற்றவாளி யாரும் கூண்டுல இல்லை, மாதிரி குடுக்கறவங்க தாங்களா முன்வர்றவங்க.

ஓய்வு ஏட்டு

இதுக்கு என் ஓட்டு. ஈரோடு திருப்பூர் ரயில் தண்டவாளத்துல எடுத்த பிணம் ஒவ்வொண்ணுக்கும் சட்டை நிறம், மச்சம், பச்சை குத்துனதுன்னு எழுதிப் பேப்பர்ல போடுவோம். ஆள் வரலைன்னா புதைச்சுருவோம். ஒரு பல்லை எடுத்துப் பத்திரமா வெச்சிருந்தாலே போதும், அதுக்கு அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை.

ஊத்துக்குளி வெண்ணெய்

புதுசா வந்தவன், இதுவரைக்கும் படிச்சுட்டு மட்டுந்தான் இருந்தேன். எங்க சித்தப்பா 1998ல வேலைக்குன்னு போனவரு, வரவே இல்லைங்க. அப்பாருதான் ஸ்டேசனுக்குப் போயி எழுதிக் குடுத்தாரு, அவரும் போயிட்டாரு. அவரைப் பெத்த ஆத்தா இருக்காங்க. எங்கப்பா இருக்காரு. எங்க மாதிரியை எடுத்து வெச்சா ஏதாவது பிரயோசனம் உண்டுங்களா?

சிறுவாணித்தண்ணி

உண்டுங்க. ஆத்தாவோட மாதிரிதான் முதல்ல. தாய்க்கும் மகனுக்கும் நேர்ப் பொருத்தம் வரும், தாய்வழியா மட்டும் வர்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவும் அதுலயே கிடைச்சுரும். பழைய எலும்புல மத்தது அழிஞ்சு போனாலும் அது மிஞ்ச வாய்ப்பு அதிகம். உங்கப்பாகிட்ட இருந்து ஒய் கிடைக்கும். ரெண்டையும் சேத்து வெச்சா வலுவான ஆதாரம். உங்களோட மாதிரி இதுக்கு அப்பறந்தான்.

ஓய்வு ஏட்டு

தனியார்ல எடுத்துக் கையில வெச்சுக்கறதுல பிரயோசனம் கம்மி கண்ணு. அன்னிக்குக் குடுத்த புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போட்டாங்களா, வெறும் மனு ரசீதோட நின்னுதான்னு முதல்ல பாரு. வீட்டுல ரசீது இருந்தா நம்பரைக் குறிச்சுக்க. எஃப்.ஐ.ஆர். இல்லைன்னா ஆளைக் காணோம்னு இப்பவே புதுசாக் குடு, 98ல குடுத்ததையும் அதுலயே எழுது. ஆத்தாவுக்கு மாதிரி எடுக்கணும்னு கோர்ட்டு வழியாத் தடய அறிவியல் துறைக்கு எழுதச் சொல்லி விசாரணை அதிகாரிகிட்ட மனுவும் குடு. அவரோட பழைய போட்டோ, ரேசன் கார்டுல பேரு இருந்த பக்கம், உடம்புல தழும்பு ஏதாச்சும் இருந்தா அது, பல்லு புடுங்கியிருந்தா எந்தப் பக்கம், எல்லாத்தையும் ஆத்தாகிட்டக் கேட்டு எழுதி வெச்சுக்க. எந்த ஸ்டேசன் லிமிட்டுன்னு தனிச் செய்தில சொல்லு, நடையை நான் சொல்லித் தர்றேன்.